தெலுங்கு எழுத்துப் படிக்க எதை வாங்கலாம், எதை விடலாம்

தெலுங்கு எழுத்து கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதல் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அ, ஆ வரிசை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பின்பக்கமாகப் புரட்டி, ‘ஒத்துலு’ என்ற தலைப்பு எத்தனை பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் கட்டம் போட்டு முடித்திருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

இரண்டு மெய் சேர்ந்து வந்தால், இரண்டாவது மெய் சிறுத்துப்போய் முதல் எழுத்தின் காலடியில் உட்காரும். அதுதான் ஒத்து. நாம் தமிழில் ஒரு புள்ளி வைத்து முடிக்கும் வேலைக்குத் தெலுங்கில் இன்னொரு எழுத்து வரிசையே இருக்கிறது. உயிரையும் மெய்யையும் சில வாரத்தில் பிடித்துவிடுகிற மாணவர்கள் கடைப் பலகை முன்னால் போய் நின்று திணறுவது இந்த இடத்தில்தான். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு பொருளையும் ஒத்தை எப்படிக் கையாளுகிறது என்ற ஒரே அளவுகோலில்தான் எடைபோட்டிருக்கிறோம். ஐதராபாத்துக்கோ திருப்பதிக்கோ படிக்கப் போகிறவர்கள், கீர்த்தனையை மூல எழுத்தில் படிக்க நினைப்பவர்கள், வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழ் படித்தவர்கள் என மூன்று வகையினருக்கும் இது பொருந்தும்.

தமிழில் ஒரே எழுத்தாக இருப்பது தெலுங்கில் நான்கு ஒலிக்கு நான்கு எழுத்தாகப் பிரியும் வர்க்க எழுத்துகளைக் காட்ட, தமிழில் அச்சாகும் கீர்த்தனைப் புத்தகங்களின் முறையையே பின்பற்றுகிறோம்: க, க², க³, க⁴. எண் இல்லாதது வல்லோசை, மூன்று போட்டது மெல்லோசை, இரண்டும் நான்கும் மூச்சோடு வருபவை.

‘முப்பது நாளில் தெலுங்கு’ வகைப் புத்தகங்கள்

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையக் கடைகளில் அதிகம் விற்பது இந்த வகைதான். பேச்சுக்கு ஓரளவு உதவும். எழுத்துக்கு உதவாது என்பதோடு, கெடுதலும் செய்யும். காரணம், தெலுங்கு ஒலியை எண் குறியில்லாத வெறும் தமிழில் போட்டிருப்பார்கள். ‘காலி’ என்று அச்சிட்டிருந்தால் அது ‘காலுடைய’ என்ற காலியா, காற்று என்ற கா³லியா என்று தெரியாது. பாட என்றால் பாட்டு, பா³ட என்றால் பாதை. படி³ என்றால் விழுந்து, ப³டி³ என்றால் பள்ளிக்கூடம். பேசும்போது சூழலை வைத்து எதிராளி புரிந்துகொள்வார். எழுதும்போது அந்தச் சலுகை கிடையாது. இப்படிப் படித்தவர்கள் பல மாதம் கழித்தும் எல்லா க³-வையும் க என்றே எழுதிக்கொண்டிருப்பார்கள், தவறு என்றும் உணர மாட்டார்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் சொல் பட்டியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு மாணவர்களுக்காக ரோமன் எழுத்தில் குறியிட்டு எழுதிய பாடநூல்கள் ஒலி விஷயத்தில் துல்லியமானவை. அவற்றின் குறை வேறு. தெலுங்கு வரிக்குக் கீழேயே ரோமன் வரியும் இருப்பதால் கண் தானாகக் கீழே போய்விடும். ஓர் அட்டைத் துண்டை வைத்து ரோமன் வரியை மறைத்துக்கொண்டு படித்தால் நல்ல புத்தகம்தான். இன்னொன்று, இந்தி படித்துவிட்டு வருபவர்களை மனதில் வைத்து எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். தமிழருக்கு அது தேவையே இல்லை, தாண்டிப் போகலாம்.

பெத்த பாலசிக்ஷ

19-ஆம் நூற்றாண்டில் பிறந்து இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கான மூலப் பாடநூல். பல பதிப்பகங்கள் தங்கள் தங்கள் வடிவில் போடுகின்றன. ஐதராபாத் கோட்டி வட்டாரத்துப் புத்தகக் கடைகளிலும் அபிட்ஸ் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையிலும் தேடலாம். எழுத்து வரிசை, குணிந்தம் (நம் உயிர்மெய் வரிசை), ஒத்துகள், இரண்டெழுத்துச் சொல், மூன்றெழுத்துச் சொல், கவிஞர் வேமனாவின் பத்யம் (செய்யுள்), மாதப் பெயர், நட்சத்திரம் என எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். ஒத்துக்கு இது கொடுக்கும் இடம் தாராளம். ஒவ்வொரு ஒத்துக்கும் தனிச் சொல் பட்டியல் தருகிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

பெரியவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் வரிசை முறை. க, க², க³, க⁴, ங என்று ஆரம்பித்தால் ஐந்தாவது எழுத்திலேயே உபயோகம் இல்லாத ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள். இன்றைய தெலுங்கில் ங தனியாக வருவதே அபூர்வம். ஞ-வும் அப்படித்தான், விஜ்ஞானம் போன்ற சொற்களில் ஜ-வின் கீழே ஒத்தாக மட்டும் தலைகாட்டும். ஜ⁴-வுக்கும் க⁴-வுக்கும் அவசரமில்லை. மாறாக, மூச்செழுத்துகளில் சிலவற்றைத் தள்ளிப்போடவே முடியாது. கடையில் விலை எழுதும் ‘த⁴ர’வில் த⁴ இருக்கிறது. அரசுப் பலகை எதிலும் ப⁴ இருக்கிறது. காபி, போன், ஆபீஸ் எல்லாவற்றிலும் ப² வரும், ஆங்கில எஃப் ஒலிக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தில்லியைப் பத்திரிகைகள் ட⁴ போட்டுத்தான் எழுதுகின்றன. எனவே புத்தகத்தை வாங்கி, வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் க, க³, ச, ஜ, ட, ட³, ண, த, த³, ந, ப, ப³, ம, ய, ர, ல, வ, ஸ, ஹ, ள. அடுத்து ஶ, ஷ, மேலே சொன்ன நான்கு மூச்செழுத்து. மற்றவை எதிரே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சுவர் அட்டவணை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மூலையில் எறும்பு அளவில் ஒத்துகளை அடைத்திருப்பார்கள். வேண்டாம்.

எழுதிப் பழகும் நோட்டு

புள்ளிகளை இணைத்து எழுதும் நோட்டுகள் சிறுவர்களுக்காகச் செய்தவை. பேனாவை எங்கே வைத்துத் தொடங்குவது என்று அம்புக்குறி இல்லாத நோட்டு வெறும் ஓவியப் பயிற்சி. அம்புக்குறி இருந்தாலும் தனி எழுத்தோடு நின்றுவிடுபவையே அதிகம். ஒரு நோட்டு முடிந்ததும் அதை விட்டுவிட்டு, அகலக் கோடிட்ட சாதாரண நோட்டுக்கு மாறிவிடலாம். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும். மேலே குடி (இகரக் குறி) ஏறும், கீழே ஒத்து தொங்கும். நெருக்கமாக எழுதினால் மேல் வரியின் ஒத்தும் கீழ் வரியின் குடியும் மோதி, எழுதியவருக்கே படிக்க வராது.

எந்த நோட்டும் சரியாகச் சொல்லித்தராத விஷயம் தலகட்டு. பெரும்பாலான மெய்களின் தலையில் இருக்கும் சரி போடுவது போன்ற சிறு குறிதான் அது. பலரும் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அது அகரத்தின் அடையாளம். ஆ, இ, ஈ, எ, ஏ, ஒ, ஓ குறிகள் ஏறும்போது தலகட்டு போய் அந்தக் குறி அதன் இடத்தில் வந்து நிற்கும். பொல்லு (நம் புள்ளியின் வேலையைச் செய்வது) வந்தாலும் தலகட்டு போகும். உகரக் கொம்பு மட்டும் வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், தலகட்டு அசையாது. ஐகாரம் இரண்டாகப் பிரிந்து பாதி தலைமேலும் பாதி காலடியிலும் போகும். தமிழ்க் கைக்கு ஒரு நிம்மதி: எழுத்துக்கு இடப்பக்கம் முன்னால் வந்து நிற்கும் கொம்பு என்று ஒன்று தெலுங்கில் கிடையாது.

தலகட்டே இல்லாதவையும் உண்டு. க², ஜ, ட, ண, ப³, ல, பழைய ற, கூடவே ங, ஞ. இந்தப் பட்டியலை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். ல-வுக்குத் தலகட்டு போடுவதும் ர-வுக்குப் போடாமல் விடுவதும் புதியவர் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும்.

குழப்பும் எழுத்துகளைத் தனித்தனியாகப் பழகக் கூடாது, ஜோடியாக எழுத வேண்டும். வ-வின் இடப்பக்கம் சுழித்து மூடியிருக்கும், ப-வில் அது திறந்திருக்கும். ப-வுக்குள் ஒரு சிறு கோடு விழுந்தால் ஷ, அடியில் கோடு விழுந்தால் ப². ர-வின் நடுவில் புள்ளி வைத்தால் ட². த⁴-வின் நடுவில் புள்ளி வைத்தால் த². ச–ச², ட³–ட⁴, த³–த⁴ மூன்று ஜோடியிலும் வேறுபாடு அடிக்கோடு மட்டுமே. ப³-வுக்குத் தலகட்டு இல்லை, ப⁴-வுக்குத் தலகட்டும் உண்டு, அடிக்கோடும் உண்டு. எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது ம-வும் வு-வும். வ-வின் வலப்பக்கம் கொம்பு ஒட்டியது போன்ற உருவம்தான் ம. அதனாலேயே உண்மையான வு-வில் கொம்பைப் பக்கவாட்டில் ஒட்டாமல் அடியிலிருந்து வளைத்து எழுதுவார்கள். பு-வுக்கும் இதே கதை. அச்சில் இது மில்லிமீட்டர் வித்தியாசம்.

ஒத்தை எந்த வரிசையில் பழகுவது

முப்பதுக்கும் மேற்பட்ட ஒத்து என்றதும் மலைப்பாக இருக்கும். நல்ல செய்தி, பெரும்பாலானவை மூல எழுத்தின் தலகட்டை எடுத்துவிட்டுச் சிறிதாக்கியவை. முற்றிலும் முகம் மாறுபவை ஆறுதான்: த, ந, ம, ய, ர, ல. பாலசிக்ஷ பதிப்புகள் இவற்றையும் க-வில் தொடங்கும் அகர வரிசைக்குள்ளேயே கலந்துவிடுகின்றன. அது வீண் சுமை. உறவுப் பெயர்களை எடுத்துக்கொண்டால் ஐந்து கிடைத்துவிடும்: அத்த, அன்ன, அம்ம, அய்ய, செல்லி. ஆறாவதான ர ஒத்து ‘ஸ்ரீ’யில் இருக்கிறது. ‘ப்ரபு⁴த்வ’ என்று தொடங்கும் ஒவ்வோர் அரசுப் பலகையிலும் இருக்கிறது. மற்ற ஒத்துகள் போல வலப்பக்கம் ஒதுங்காமல், இது எழுத்தின் இடப்பக்கக் காலடியிலிருந்து வளைந்து வரும். அதனால் முந்தைய எழுத்தின் பகுதி என்று கண் தவறாக எடுத்துக்கொள்ளும்.

படிக்கும் வரிசைதான் அடுத்த தடை. உயிர்க்குறி மேலே இருக்கும் முதல் மெய்யின் தலையில் நிற்கும், ஆனால் ஒலிப்பது கீழே உள்ள ஒத்துக்குப் பிறகு. ‘ப³ஸ் ஸ்டாப்’ என்ற பலகையில் ஆகாரக் குறி ஸ-வின் தலையில் இருக்கும், ட ஒத்தாகக் கீழே இருக்கும். புதியவர் ‘ஸாட்’ என்று படிப்பார். மேல் எழுத்து, கீழ் எழுத்து, மறுபடி மேலே ஏறிக் குறி என்ற மூன்று அசைவும் கண்ணுக்குப் பழக வேண்டும்.

சுன்னா என்ற வட்டத்தைப் பற்றி எச்சரிக்காத புத்தகத்தை நம்ப வேண்டாம். ங், ஞ், ண், ந், ம் ஐந்துக்கும் அந்த ஒரு வட்டமே போதும். அடுத்து வரும் எழுத்து எந்த இனமோ அந்த மெல்லினமாகப் படிக்க வேண்டும். சொல் இறுதியில் வந்தால் ம். தமிழர் செய்யும் தவறு இரண்டு பக்கமும் போகிறது. ‘பண்டு³’வில் ண-வுக்கு ட³ ஒத்து போடுவார்கள், அங்கே சுன்னா வேண்டும். சுன்னா பழகிய பிறகு ‘அம்ம’விலும் வட்டம் போடுவார்கள், அங்கே ம-வுக்கு ம ஒத்து வேண்டும். ஒரே மெல்லினம் இரட்டித்தால் ஒத்து, வேறு வல்லினம் வந்தால் சுன்னா. இவ்வளவுதான் விதி.

விசைப்பலகை

இலவசமாகக் கிடைப்பவற்றில் உருப்படியானது இதுதான், சரியானதைத் தேர்ந்தெடுத்தால். கூகுளின் ஜிபோர்டு என்ற தொலைபேசி விசைப்பலகையில் தெலுங்கைச் சேர்க்கும்போது மூன்று வழி தெரியும்: தெலுங்கு எழுத்துகளே உள்ள பலகை, ஆங்கில எழுத்தில் தட்டினால் தெலுங்காக மாறும் பலகை, விரலால் எழுதும் பலகை. பெரும்பாலோர் இரண்டாவதை எடுப்பார்கள். அவசரச் செய்தி அனுப்ப அது சரி, கற்பதற்கு ஆகாது. நீங்கள் த அடித்தீர்களா ட அடித்தீர்களா, ல-வா ள-வா, மூச்சு உண்டா இல்லையா என்பதையெல்லாம் அதுவே ஊகித்துச் சரியான சொல்லைக் கொடுத்துவிடும். எழுத்துக்கூட்டல் அதற்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமலே போகும். விரலால் எழுதும் பலகைக்கு வேறொரு பயன் இருக்கிறது. சாலையில் பார்த்த எழுத்து எது என்று தெரியாதபோது அதன் உருவத்தை வரைந்து தேடலாம்.

கற்க உகந்தது முதல் வகை. கணினியில் என்றால் விண்டோஸில் உள்ள இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. 2019 மே மாதப் புதுப்பித்தலுக்குப் பிறகு ஒலிபெயர்ப்புப் பலகையும் விண்டோஸில் வந்துவிட்டது, அதைத் தவிர்த்துவிடுங்கள். இன்ஸ்கிரிப்டில் எல்லா இந்திய மொழிகளுக்கும் க, த, ர போன்றவை ஒரே விசையில் இருக்கும். இதில் தட்டும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் ஒன்றே என்பதால் ஒத்தின் உள்கட்டு கண்முன்னே விரியும். ‘ஸ்த்ரீ’ என்று அடித்துப் பாருங்கள். எம் விசையில் ஸ வரும். டி விசையில் பொல்லு. தலகட்டு மறைந்து பொல்லு ஏறும். எல் விசையில் த. பொல்லு காணாமல் போய் த ஒத்தாகக் கீழே இறங்கும். மறுபடி டி, மறுபடி பொல்லு. ஜே விசையில் ர. அதுவும் ஒத்தாகக் கீழே சேரும். கடைசியில் ஆர் விசையில் ஈகாரக் குறி. அது ஏறி ஸ-வின் தலையில் உட்காரும். ஆறு தட்டலில், மூன்று மாடி எழுத்து எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துவிடும். எந்த அச்சுப் புத்தகமும் இதைக் காட்ட முடியாது.

குறை ஒன்று. ஆங்கிலச் சொற்களில் பொல்லு அப்படியே நிற்க வேண்டிய இடம் உண்டு. ‘ஸாப்²ட்வேர்’ என்று நேராக அடித்தால் வே போய் ட-வின் கீழே ஒத்தாக ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்று போட வேண்டும். தொலைபேசிப் பலகையில் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதே ஒரு வேலை. கிடைக்காவிட்டால், சரியாக எழுதப்பட்ட ஒரு சொல்லிலிருந்து நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

எழுத்துமாற்றியும் கேமராவும்

அட்சரமுகம் என்ற இலவச இணையக் கருவி இந்திய எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும். தெலுங்குச் செய்தித் தலைப்பை ஒட்டினால், நாம் மேலே பயன்படுத்திய அதே எண் குறியோடு தமிழில் தரும். தமிழ் வாசகருக்கு இதைவிட நல்ல விடைத்தாள் கிடையாது. முதலில் தாளில் நீங்களே தமிழில் பெயர்த்து எழுதுங்கள், பிறகு கருவியில் ஒட்டி எண் குறிகளை ஒப்பிடுங்கள். சுன்னாவை அது ம் என்று காட்டினால் குழம்ப வேண்டாம், இன எழுத்து விதியை நீங்கள்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு தொல்லை, பழைய பிடிஎஃப் கோப்புகள். தெலுங்கு அச்சகங்கள் நெடுநாள் அனு என்ற பழைய வகை எழுத்துருவில் வேலை செய்தன. அவற்றிலிருந்து நகலெடுத்தால் வருவது ஒருங்குறி (யூனிகோட்) இல்லை, வெறும் குப்பை. கருவியின் மேல் பழி போடாதீர்கள்.

கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் வசதி கற்பவருக்கு எதிரி. பொருளைச் சொல்லிவிடும், எழுத்தைக் கற்கவிடாது. கையால் எழுதிய கடைப் பலகையில் அதுவும் தடுமாறும்.

எழுத்துருக்கள், பத்திரிகைகள், ரயில் பலகைகள்

பாடநூல் எழுத்து படித்து முடித்தவர் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் வேறு மொழி என்றே நினைப்பார். தெலுங்கில் அச்சு வடிவங்களின் வேறுபாடு அவ்வளவு. ஓவியரும் இயக்குநருமான பாபுவின் கையெழுத்தே ஒரு பாணியாகி, அழைப்பிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் நிலைத்துவிட்டது. இதற்கு மருந்து இலவசம். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் தெலுங்குக்கு நிறையவே இருக்கின்றன, பலவற்றுக்குக் கவிஞர்கள் பெயர்: பெத்தன, திம்மன, தூர்ஜடி, சூரன்ன. நீள உரைக்கு மண்டலி, தடித்த தலைப்புக்கு ராமபத்ர, கையெழுத்துச் சாயலுக்கு லக்கி ரெட்டி, நடுநிலைக்கு நோட்டோ. ஒரே பத்துச் சொல்லை இந்த நான்கிலும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்து நேர் கீழே போகிறதா வலப்பக்கம் ஒதுங்குகிறதா, தலகட்டு ஒட்டியிருக்கிறதா விலகி நிற்கிறதா என்பதெல்லாம் மாறும். எது மாறினாலும் எழுத்து மாறாதோ அதுதான் நினைவில் நிற்க வேண்டியது.

படிக்க எடுத்த எடுப்பில் ஈநாடு நாளிதழ் வாங்குவது பொதுவான யோசனை, தவறான யோசனையும்கூட. தலைப்புகளில் சொற்கள் சந்தியில் ஒட்டிக்கொண்டு வரும். எங்கே பிரிப்பது என்று தெரியாமல் எழுத்தில்தான் கோளாறு என்று நினைத்துச் சோர்ந்துபோவார்கள். அதற்கு முன் சந்தமாமாவின் பழைய இதழ்களைத் தேடுங்கள். 1947 ஜூலையில் தெலுங்கிலும், அம்புலிமாமா என்ற பெயரில் தமிழிலும் சேர்ந்தே தொடங்கிய பத்திரிகை. அதே கதை, அதே படம், இரண்டு மொழி. அட்டையில் உள்ள மாதத்தை நம்பாமல் உள்ளே இருக்கும் படத்தை வைத்துக் கதையைப் பொருத்திக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு பக்கம் படித்துவிட்டுத் தெலுங்கில் அதே பக்கத்தை எழுத்துக்கூட்டினால் அகராதி தேவைப்படுவது பாதியாகக் குறையும். வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த வசதி இல்லை, தமிழருக்குக் கிடைத்த தனிச் சலுகை.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத பாடம் ஒன்று சென்னை–விஜயவாடா ரயில் பாதையில் வரிசையாக நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. நிலையப் பெயர்ப் பலகைகளில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றும் இருக்கும், விடை பக்கத்திலேயே. எல்லை தாண்டியதும் தட³: எந்தக் குறியும் இல்லாத இரண்டே எழுத்து. அடுத்து ஸூள்லூருபேட, ள-வின் கீழே ல ஒத்து. சற்றுக் கடினம், விட்டுப் பிடிக்கலாம். நாயுடு³பேடவில் ஆகாரமும் உகரமும் ஏகாரமும் ஒரே சொல்லில். கூ³டூ³ருவில் நெடில் கொம்பு இரண்டு, குறில் கொம்பு ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். நெல்லூருவில் எகரக் குறி தலையில், ல ஒத்து காலில். காவலியில் மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஒங்கோ³லுவில் தனி உயிரெழுத்தும் சுன்னாவும். சீராலவில் ஈகாரமும் ஆகாரமும். பா³பட்லவில் ட-வின் கீழே ல. தெனாலி, விஜயவாட³ வந்து சேரும்போது தலகட்டு இல்லாத ஜ கிடைக்கும். மூச்செழுத்து ஒன்றைத் தவிர அடிப்படைப் பாடம் முழுவதும் இந்தப் பதினோரு பலகையில் அடங்கிவிடுகிறது. இரவு வண்டியில் போகாதீர்கள்.

மூச்செழுத்துக்கு ஊருக்குள் இறங்கியதும் ‘ப்ரபு⁴த்வ பாட²ஶால’ என்ற பலகை போதும். ர ஒத்து, ப⁴, வ ஒத்து, நடுப்புள்ளி வைத்த ட², ஶ எல்லாம் ஒரே வரியில்.

வகுப்பும் ஆசிரியரும்

முறையான படிப்பு வேண்டும் என்பவர்களுக்கு மைசூரில் இந்திய மொழிகள் நடுவண் நிறுவனத்தின் தென்மண்டல மொழி மையம் தெலுங்கும் கற்பிக்கிறது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டிலிருந்து குறுகிய காலப் படிப்புக்கு வருகிறவர்கள் அங்கேயே தெலுங்கைப் பாடமாக எடுக்கலாம். தனி ஆசிரியரிடமோ இணைய வகுப்பிலோ சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒத்து எந்த வாரத்தில் வரும்? கடைசி வாரம் என்றால் வேண்டாம். குணிந்தம் பாதி முடிந்ததும் அம்ம, அக்கவோடு தொடங்கிவிட வேண்டும். இரண்டாவது, உக்தலேக²னம் உண்டா? ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சிதான் அது. பார்த்து எழுதுவதில் க–க³, ப–ப³ தவறு வெளியே வராது, காதால் கேட்டு எழுதும்போதுதான் வரும். தமிழ் மாணவருக்குத் தினம் பத்துச் சொல், அதில் குறைந்தது நாலு இப்படி ஒலிஜோடியாக இருக்க வேண்டும்: காலி–கா³லி, பாட–பா³ட, படி³–ப³டி³, கம்ப–க³ம்ப. பத்தும் திருத்தி முடித்த பிறகு, தவறிய சொல்லை மட்டும் மறுநாள் பட்டியலின் தலையில் போடச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த ஆசிரியர்தான் வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, க³-வைக் க³-வாக அழுத்தம் திருத்தமாக உச்சரிக்கிற ஒருவர் கிடைத்தால் போதும், அது விடுதி அறைத் தோழராக இருந்தாலும் சரி.